கம்பியை அடக்குகிற பாடம்

டிலக்ஸன்: ...அதில்லை யது, நான் கேக்கிறது வேறை. நகம் என்னத்துக்கு?

யதுசா: நகத்தாலைதான் அண்ணா கம்பியைத் தட்டுறது.

டிலக்ஸன்: அப்ப விரல் என்னத்துக்கு?

யதுசா: விரல் இல்லாம நகம் எங்கை முளைக்கும்? விசர்க் கதை கதையாதை.

டிலக்ஸன்: உனக்குப் பகிடி. மீன் சந்தையிலை ஆக்கள் என்னை மறிச்சுக் கேக்கினம், "உன்ரை மனுசி என்ன, பொம்பிளை சோடிக்கிற வேலைக்குப் போறாவோ, கையிலை உவ்வளவு நகம்" எண்டு.

யதுசா: ஹார்ப் பழகிறா எண்டு சொல்ல வேண்டியதுதானே.

டிலக்ஸன்: சொன்னனான். "ஆப்போ? என்ன மரம் பிளக்க?" எண்டு கேட்டவை. சிரிக்காதை. ஞாயிற்றுக்கிழமை அதுவுமா உன்னை கிளிநொச்சியிலையிருந்து வரச்சொன்னது சிரிக்க இல்லை. உன்ரை அண்ணியை உந்த வகுப்பிலை சேர்த்துவிட்டது நீதானே.

யதுசா: நான் போனிலை பேர் பதிஞ்சு குடுத்தன், அவ்வளவுதான். அவாதான் கேட்டவா. பழைய காலத்து ஐரிஷ் ஹார்ப்பும் வெல்ஷ் ஹார்ப்பும் எப்பிடி வாசிச்சவை எண்டு பழக்கிற வகுப்பு. வேல்ஸிலை நியா எண்டு ஒரு ரீச்சர், சனிக்கிழமையிலை போனிலை வந்து படிப்பிக்கிறா.

டிலக்ஸன்: ஐரிஷும் வெல்ஷும் ஒண்டோ?

யதுசா: இல்லை. ரண்டும் வேறை வேறை நாடு. இடையிலை கடல். எங்களுக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலை இருக்கிற மாதிரி எண்டு வையன்.

டிலக்ஸன்: சரி, எங்கையாவது இருக்கட்டும். ஏன் பழகிறா? அதைச் சொல்லு.

யதுசா: கோயிலுக்குத்தானே. திருநாளிலை வாசிக்கப்போறன், தாவீது அரசர் யாழ் வாசிச்ச மாதிரி, எண்டவா.

டிலக்ஸன்: கோயிலுக்கோ?

யதுசா: ஓம். ஏன் கண்ணை முழுசிறாய்?

டிலக்ஸன்: எனக்குச் சொன்னது வேறை. உதைப் பழகினா வேல்ஸுக்குக் கூப்பிடுவினமாம். கொஞ்ச நாள் போய் நிண்டு படிச்சிட்டு வரலாமாம். அதை நம்பித்தான் நானும் ஓம் எண்டனான்.

யதுசா: அப்பிடி ஆரும் கூப்பிடேல்லை அண்ணா. அது விருப்பமான ஆக்கள் வந்து பழகிற வகுப்பு. கூப்பிடுற கதையே இல்லை.

டிலக்ஸன்: அப்ப அம்மாவுக்குச் சொன்னது?

யதுசா: அம்மாவுக்கு என்னவாம்?

டிலக்ஸன்: கொம்பனியிலை நண்டு உடைச்சு உடைச்சு விரல் விறைச்சுப்போச்சாம். கம்பி தட்டினா மூட்டு இளகும் எண்டு டொக்டர் சொன்னவராம்.

யதுசா: ...ஆளுக்கொரு கதை.

டிலக்ஸன்: ஓம். எது மெய்?

யதுசா: எனக்கென்ன தெரியும். நான் கோயில் எண்டு நம்பிப் பங்குச் சுவாமியிட்டையும் சொல்லிப்போட்டன்.

டிலக்ஸன்: சுவாமி என்ன சொன்னவர்?

யதுசா: சரியான சந்தோசம். திருநாள் நிகழ்ச்சியிலை அண்ணியின்ரை பேரையும் போட்டிட்டார்.

டிலக்ஸன்: கடவுளே... சரி, அந்தப் பொதி?

யதுசா: எந்தப் பொதி?

டிலக்ஸன்: நெடுந்தீவிலையிருந்து வந்தது. உன்ரை அண்ணிக்கு எண்டு பேர் போட்டிருந்தது. அம்மா பிரிச்சிட்டா. உள்ளுக்கை முழுக்கக் குதிரை வால்மயிர்.

யதுசா: அட, வந்திட்டுதோ. அது வெல்ஷ் ஹார்ப்புக்கு அண்ணா. அந்தக் காலத்திலை வேல்ஸிலை குதிரை வால்மயிரைத் திரிச்சுத்தான் கம்பிக்குப் பதிலாக் கட்டினவையாம். நெடுந்தீவிலை கட்டாக்காலிக் குதிரை நிக்குதெல்லே. நான்தான் என்னோடை படிச்ச பெட்டையிட்டைச் சொல்லி எடுப்பிச்சனான். எங்கை வைச்சிருக்கு?

டிலக்ஸன்: அம்மா சூனியம் எண்டு நினைச்சு, தீர்த்தம் தெளிச்சு, கொண்டுபோய்க் கடலிலை எறிஞ்சிட்டா.

யதுசா: ...எறிஞ்சிட்டாவோ?

டிலக்ஸன்: உன்ரை அண்ணிக்குத் தெரியாது. நீ வாயைத் திறவாதை. ...படலைச் சத்தம். வாறா.

ஆன்சலா: ஆரின்ரை செருப்பு வாசலிலை எண்டு பாத்தன். யதுவோ. எப்ப வந்தனி? தேத்தண்ணி குடிச்சியோ?

யதுசா: குடிச்சிட்டன் அண்ணி. அண்ணா ஊத்தித் தந்தவர்.

ஆன்சலா: அவர் தேத்தண்ணி ஊத்தினவரோ? அப்ப என்னவோ நடக்குது இஞ்சை.

டிலக்ஸன்: இரு. உந்தக் கதிரையிலை இரு. ஒண்டு கேக்கோணும்.

ஆன்சலா: நிண்டுகொண்டே சொல்லுறன், கேளுங்கோ.

டிலக்ஸன்: வெள்ளிக்கிழமை எங்கை போனனி?

ஆன்சலா: வேலைக்கு.

டிலக்ஸன்: வியாழக்கிழமை?

ஆன்சலா: வேலைக்குத்தான். ஏன் இப்பிடிக் கேக்கிறியள்?

டிலக்ஸன்: காலமைப் பூசை முடிய கிருசாந்தனைக் கண்டனான். உங்கடை நண்டுக் கொம்பனி சுப்பவைசர். "அக்காவுக்கு என்ன சுகமில்லையோ" எண்டு கேக்கிறான். கிழமை முழுக்க நீ வேலைக்கு வரேல்லையாம். நகத்தை வெட்டினாத்தான் உள்ளுக்கை விடலாம் எண்டு சொன்னவனாம். நீ வெட்டமாட்டன் எண்டிட்டு வந்தனியாம்.

யதுசா: அண்ணி, மெய்யே?

டிலக்ஸன்: காலமை சோத்துப் பெட்டியோடை பஸ் ஏறிப் போறாய். பின்னேரம் இறங்கி வாறாய். இடையிலை எங்கை நிண்டனி?

ஆன்சலா: தர்மபுரத்திலை.

டிலக்ஸன்: தர்மபுரத்திலை ஆர்?

ஆன்சலா: பழனியாண்டி அண்ணை. உங்களுக்குத் தெரியும்தானே, கதவு யன்னல் செய்யிறவர். எனக்கு ஹார்ப்புக்குப் பலாமரக் குத்தியைக் குடைஞ்சு தந்தவர். அவர் முதல் செய்து வெடிச்சுப்போன ஒண்டு பட்டறையிலை கிடக்கு. அதிலை இருந்து பழகினனான். அவரின்ரை மனுசி ராக்காயி அக்காவும் நிண்டவா. வேணுமெண்டா கேட்டுப் பாருங்கோ.

டிலக்ஸன்: நான் அதைக் கேக்கேல்லை. பொய் ஏன் சொன்னனி எண்டு கேக்கிறன்.

ஆன்சலா: வீட்டிலை பழகினா மாமி செபம் சொல்லத் தொடங்கிறா. நான் ஒரு கம்பியைத் தட்ட முதல் அவா அருள்நிறைந்த மரியே.

யதுசா: அது உண்மை அண்ணா. அம்மா எனக்கும் போன் எடுத்து, அறைக்குள்ளை ஆரோ பேசின மாதிரிக் கிடக்கு எண்டவா. அது நியா ரீச்சர்.

டிலக்ஸன்: சரி. எடுங்கோ அந்த ஹார்ப்பை வெளியிலை. நானும் ஒருக்காப் பாக்கிறன், என்ன தெய்வம் எண்டு.

ஆன்சலா: இப்பவோ?

டிலக்ஸன்: இப்பத்தான்.

யதுசா: நான் ஒரு பக்கம் பிடிக்கிறன் அண்ணி. ...ஏலாது, நல்ல பாரம். சீலையை எடுங்கோ. முதல் வகுப்பிலை பாத்ததை விட இப்ப வடிவா இருக்கு.

டிலக்ஸன்: தோணியின்ரை முன் அணியம் முறிஞ்சு கிடக்கிற மாதிரிக் கிடக்கு.

ஆன்சலா: பழனியாண்டி அண்ணையும் உப்பிடித்தான் சொன்னவர். "அம்மா, இது கதவா தோணியா, ஒண்ணு சொல்லுங்க" எண்டு.

யதுசா: வாசியுங்கோவன். அண்ணா இன்னும் கேக்கேல்லை.

ஆன்சலா: இப்பிடி இடத் தோளிலை சாத்தவேணும். இடக்கை மேலை, சின்னக் கம்பியளுக்கு. வலக்கை கீழை, பெரிய கம்பியளுக்கு.

யதுசா: நான் பாத்த வீடியோவிலை எல்லாரும் வலத் தோளிலை எல்லே சாத்தினவை?

ஆன்சலா: இப்பத்தைய ஆக்கள் அப்பிடி. பழைய முறை இது.

டிலக்ஸன்: ஏன் பழசு? எல்லாரும் செய்யிறதைப் பழகினா என்ன குறையும்?

ஆன்சலா: எனக்கு இடப்பக்கம்தான் சரி.

டிலக்ஸன்: நீ வலக்கைக்காறி.

ஆன்சலா: ஓம். அதாலை என்ன?

டிலக்ஸன்: எனக்கு ஒண்டும் விளங்கேல்லை.

யதுசா: எனக்கும்தான். முதல் வகுப்புக்கு நான்தான் பக்கத்திலை இருந்து இங்கிலீசைத் தமிழாக்கினனான். அண்ணி ஒரு கம்பியைத் தட்டினவா. ரீச்சர் "ஸ்ரொப்" எண்டா. நான் வகுப்பு முடிஞ்சுது எண்டு போனை வைச்சிட்டன்.

ஆன்சலா: ரண்டாந்தரமும் வைச்சனி.

யதுசா: ரண்டாந்தரமும் ஸ்ரொப் எண்டவா. நான் என்ன செய்ய? பிறகுதான் விளங்கினது, கம்பியை நிப்பாட்டச் சொல்லுறா எண்டு.

டிலக்ஸன்: கம்பியை என்னெண்டு நிப்பாட்டுறது?

ஆன்சலா: பாருங்கோ. இது பித்தளைக் கம்பி. நகத்தாலை ஒருக்காத் தட்டினா... கேக்குதோ? இன்னும் கேக்குது. விட்டா நிண்டு கேட்டுக்கொண்டே இருக்கும். இப்ப அடுத்ததைத் தட்டுறன், அடுத்தது, அடுத்தது...

டிலக்ஸன்: எல்லாம் கலந்துபோச்சு.

ஆன்சலா: கலந்துபோச்செல்லே. அதுதான் பாடம். ஒரு விரல் புதுக் கம்பியைத் தட்டேக்கை, மற்ற விரல் வந்து பழங்கம்பியைத் தொட்டு அடக்கோணும். தட்டுறது ஆராலையும் ஏலும். அடக்கிறதுதான் வேலை. வெல்ஷ்காறர் அந்தக் காலத்திலையே ஒவ்வொரு விரல் ஓட்டத்துக்கும் பேர் வைச்சு எழுதியிருக்கினம். ஒண்டுக்குப் பேர் பின்னல்.

யதுசா: தலை பின்னுற பின்னலோ?

ஆன்சலா: ஓம், அதேதான். இன்னொண்டு பெருவிரலாலை நெரிக்கிறது.

டிலக்ஸன்: ஆரை?

ஆன்சலா: கம்பியை. வேறை ஆரை.

டிலக்ஸன்: ஐரிஷ்காறரும் எழுதி வைச்சவையோ?

ஆன்சலா: அவை எழுதேல்லையாம். காதாலை கேட்டுக் கேட்டுப் பழகினவை. கடைசியா இருந்த வயசாளியளிட்டை ஆரோ போய்க் கேட்டு எழுதி வைச்சதுதான் மிச்சமாம். அதிலையும் நகத்தாலை தட்டினவை எண்டு இருக்கு. நியா ரீச்சர் சிலது தெரியும் எண்டுவா, சிலது தெரியாது எண்டுவா. தெரியாது எண்டு சொல்லுற ரீச்சரை நான் முதல் முதல் இப்பத்தான் கண்டனான்.

டிலக்ஸன்: தா, நான் ஒருக்காத் தட்டுறன்.

யதுசா: அண்ணா, மெல்ல. அது வலைக் கயிறில்லை.

டிலக்ஸன்: ...தட்டிட்டன். நிக்குதில்லை. தொட்டுக்கொண்டுதான் நிக்கிறன், இன்னும் கிணுகிணுக்குது.

ஆன்சலா: உங்கடை விரல் வலை இழுத்துக் காய்ச்சுப்போய்க் கிடக்கு, கம்பி எங்கை எண்டு தெரியேல்லை. பயந்து பயந்து தொடுறியள். பயந்து தொட்டா அது இன்னும் கிணுங்கும். ஒரேயடியாத் தொடுங்கோ.

டிலக்ஸன்: ...

ஆன்சலா: ஓம், அப்பிடி. இப்ப நிண்டிட்டுது.

டிலக்ஸன்: நிண்டிட்டுது.

யதுசா: அண்ணாவின்ரை முகத்தைப் பாருங்கோ அண்ணி. வலையிலை மீன் பட்ட மாதிரி.

ஆன்சலா: யது, மறந்துபோனன். நெடுந்தீவிலையிருந்து அந்தச் சாமான் வந்ததோ?

யதுசா: ...எது அண்ணி?

ஆன்சலா: குதிரை வால்மயிர். போன கிழமையே அனுப்பிட்டன் எண்டு உன்ரை சிநேகிதி எழுதியிருந்தாளே.

யதுசா: அண்ணா, எனக்குப் பஸ்சுக்கு நேரமாகுது.

டிலக்ஸன்: இரடி. ...ஆன்சலா, அது வந்தது. அம்மா சூனியம் எண்டு கடலிலை எறிஞ்சிட்டா.

ஆன்சலா: கடலிலையோ?

டிலக்ஸன்: ஓம்.

ஆன்சலா: அப்ப செவ்வாய்க்கிழமை யாக்கோப்பு அண்ணையின்ரை கரைவலையிலை மயிர் வந்தது எண்டு, அவர் வலையையும் விட்டிட்டுச் சிலுவை நிக்கிற குருசடிக்கு ஓடினவராம், அது...

டிலக்ஸன்: அதுதான்.

யதுசா: தீர்த்தம் தெளிச்ச மயிர் அண்ணி. அவருக்கு ஒண்டும் செய்யாது.

ஆன்சலா: எனக்குச் சிரிப்பும் வருது, அழுகையும் வருது. அந்தப் பெட்டை எத்தினை குதிரைக்குப் பின்னாலை திரிஞ்சவளோ.

யதுசா: நான் திரும்பக் கேட்டுப் பாக்கிறன். இப்ப வெளிக்கிடுறன், அம்மா கோயிலாலை வந்தா என்னையும் பிடிச்சு வைச்சு விசாரிப்பா. அண்ணா, அண்ணியை ஏசாதை.

டிலக்ஸன்: நீ போ. கவனமாப் போ.

யதுசா: அண்ணி, சுவாமி திருநாள் நிகழ்ச்சியிலை உங்கடை பேரைப் போட்டிட்டார். நான்தான் சொன்னனான். மன்னியுங்கோ. போயிட்டு வாறன்.

ஆன்சலா: என்ன பேர்? யது... நில்லன். ...என்ன சொல்லிட்டுப் போறாள்?

டிலக்ஸன்: திருநாளிலை நீ தாவீது அரசர்.

ஆன்சலா: எனக்கு ஒரு பாட்டும் முழுசா வராது.

டிலக்ஸன்: அப்ப கோயில் கதை பொய். வேல்ஸுக்குப் போற கதையும் பொய். யது சொல்லிட்டாள். டொக்டர் கதையும் பொய்யாத்தான் இருக்கும்.

ஆன்சலா: விரல் விறைக்கிறது மெய். டொக்டர்தான் பொய்.

டிலக்ஸன்: இந்தா. பிடி இதை.

ஆன்சலா: என்ன இது? நகவெட்டியோ?

டிலக்ஸன்: கிருசாந்தனுக்கு நான் வாக்குக் குடுத்திட்டன். நாளைக்குக் காலமை நகம் வெட்டிக்கொண்டு வருவா எண்டு. உன்ரை இடத்துக்கு வேறை ஆக்கள் நிக்கினமாம். நாளைக்கும் நீ போகாட்டி அவையை எடுத்திடுவினம்.

ஆன்சலா: என்னை ஒரு சொல்லுக் கேக்காமலோ?

டிலக்ஸன்: நீ என்னைக் கேட்டுத்தான் எல்லாம் செய்தனியோ?

ஆன்சலா: ...வலக்கை நகத்தை முழுக்க வெட்டுறன். இடக்கையை விடுங்கோ.

டிலக்ஸன்: ரண்டு கையையும் பாப்பினம்.

ஆன்சலா: சரி. இடக்கையிலை ஒரு விரல். ஒரேயொரு நகம். கிளவுசுக்குள்ளை தெரியாது.

டிலக்ஸன்: ஒரு நகத்தை வைச்சுக்கொண்டு என்னத்தை வாசிக்கப்போறாய்?

ஆன்சலா: ஒரு கம்பிக்கு ஒரு நகம் போதும்.

டிலக்ஸன்: ஆன்சலா, எனக்குத் தலை சுத்துது. பாட்டு வராது எண்டிறாய். ஒரு கம்பி போதும் எண்டிறாய். வேலைக்கும் போகாம நிண்டிருக்கிறாய். இன்னொரு கதை வேண்டாம். மெய்யைச் சொல்லு. மெய்யைச் சொன்னா நான் நகவெட்டியைக் கொண்டுபோய் அலுமாரியிலை வைக்கிறன்.

ஆன்சலா: மெய்யைச் சொன்னா என்னைக் கொண்டுபோய் அம்மா வீட்டிலை விடுவியள்.

டிலக்ஸன்: ...ஆரேனும் ஆளோ?

ஆன்சலா: சீ. என்ன கதை இது.

டிலக்ஸன்: வேறை என்னத்துக்கு விடப்போறன்? சொல்லு. அம்மா வர நேரம் கிடக்கு.

ஆன்சலா: போன மாரியிலை ஒருநாள், கொம்பனி பஸ்ஸிலை வந்துகொண்டிருந்தன். முன் சீற்றிலை ஒரு பெட்டை போனிலை ஏதோ பாத்துக்கொண்டு வந்தவள். ஒரு சத்தம் கேட்டுது. கம்பிச் சத்தம். வீணை மாதிரி வளையேல்லை, நெளியேல்லை. ஒரே சுதியிலை நேரா நீண்டு வந்து... டக்கெண்டு நிண்டுது.

டிலக்ஸன்: பிறகு?

ஆன்சலா: அது நிண்ட உடனை மற்றதும் நிண்டுது.

டிலக்ஸன்: எது மற்றது?

ஆன்சலா: என்ரை காதிலை இருக்கிறது.

டிலக்ஸன்: காதிலை என்ன இருக்கு?

ஆன்சலா: சத்தம். இடக்காதிலை. மெல்லிய கம்பி ஒண்டை இழுத்துக் கட்டித் தட்டிவிட்ட மாதிரி. ஓயாது. சாப்பிடேக்கையும் இருக்கும், பூசையிலையும் இருக்கும். இப்ப நீங்கள் கதைக்கேக்கையும் இருக்கு.

டிலக்ஸன்: எப்ப இருந்து?

ஆன்சலா: சண்டையின்ரை கடைசியிலை இரணைப்பாலையிலை இருந்தனாங்கள். அப்ப இருந்து. தண்ணி எடுக்கப் பிளாஸ்டிக் கானைக் கொண்டு போனனான். கிட்டத்திலை ஷெல் விழுந்தது. எனக்கு ஒரு கீறலும் இல்லை. கானிலைதான் ஓட்டை. எழும்பிப் பாக்கிறன், சனம் வாயைத் திறந்து மூடுது, சத்தம் இல்லை. பிறகு சனத்தின்ரை சத்தம் வந்திட்டுது. இது போகேல்லை.

டிலக்ஸன்: அப்ப கலியாணம் பேசேக்கை...

ஆன்சலா: இருந்தது. அம்மாதான் சொன்னவா, மாப்பிளை வீட்டுக்குச் சொல்லவேண்டாம் எண்டு. காது பழுதான பிள்ளையை ஆர் எடுக்கிறது எண்டு. கட்டின பிறகு நானாச் சொல்லுவம் எண்டு நினைச்சனான். நாளைக்குச் சொல்லுவம், திருநாள் முடியச் சொல்லுவம் எண்டு... நீங்கள் அந்தச் சண்டை நாளையளைப்பற்றி ஒரு நாளும் கதைக்கிறேல்லை. நான் என்னெண்டு தொடங்கிறது? ஏதாவது சொல்லுங்கோ. ஏசிறதெண்டாலும் ஏசுங்கோ.

டிலக்ஸன்: ஆசுப்பத்திரியிலை காட்டினியோ?

ஆன்சலா: காட்டினனான். காது கேக்குது, பயமில்லை எண்டவை. உது கொஞ்சம் கொஞ்சமாப் பழகிப்போகும் எண்டவை.

டிலக்ஸன்: பழகாது.

ஆன்சலா: ஓம், பழகேல்லை.

டிலக்ஸன்: படுக்கேக்கைதான் அது கூடுறது.

ஆன்சலா: ஓம். ஃபான் போட்டாக் கொஞ்சம் மறையும். அதுதான் மாரியிலையும் போடுறனான். நீங்களும் ஒண்டும் சொல்லுறேல்லை.

டிலக்ஸன்: நான் என்னத்தைச் சொல்ல... தண்ணிக்குள்ளை தலையை முக்கினா இன்னும் கூடும்.

ஆன்சலா: நான் முக்கிறேல்லை. ...உங்களுக்கு என்னெண்டு தெரியும்?

டிலக்ஸன்: கூடுமோ எண்டு கேட்டனான்.

ஆன்சலா: நீங்கள் கேக்கேல்லை. கூடும் எண்டு சொன்னனீங்கள்.

டிலக்ஸன்: சரி, விடு. இந்தக் கம்பியைத் தட்டினா நிக்குதோ?

ஆன்சலா: தட்டினா இல்லை. தட்டி அடக்கினா. எல்லாக் கம்பியிலையும் இல்லை, ஒண்டிலைதான். என்ரை சத்தத்துக்குச் சரியான கம்பி. தோளிலை சாத்தினா மரத்துக்குள்ளாலை காதுக்குப் பக்கத்திலை வந்து கேக்கும். அதுதான் எனக்கு இடத் தோள் வேணும். நகத்தாலை தட்டினாத்தான் அந்தக் கூர் வரும். விரல் சதையாலை தட்டினா மந்தமா வரும், காது அசையாது.

டிலக்ஸன்: எவ்வளவு நேரம் நிக்கும்?

ஆன்சலா: ஒரு மூச்சு எடுத்து விடுற நேரம். சிலநேரம் அதுக்குக் கொஞ்சம் கூட.

டிலக்ஸன்: அவ்வளவுக்கோ இவ்வளவும்?

ஆன்சலா: அவ்வளவு போதும். அந்த நேரம் கடல் கேக்கும். கடல் மட்டும். முதல்நாள் அப்பிடி நிண்ட உடனை, அறைக்குள்ளை இருந்து அழுதனான். வெறும் வீடு எப்பிடிக் கேக்கும் எண்டது எனக்கு மறந்தே போச்சு. வகுப்பிலை மற்ற ஆக்கள் பாட்டுக்கு வந்திட்டினம். நான் அந்த ஒரு கம்பியைத் தட்டி அடக்கிறன், தட்டி அடக்கிறன். எனக்கு ஒண்டும் ஏறேல்லை எண்டு நியா ரீச்சர் யோசிச்சிருப்பா. ஆனா ஏசேல்லை. "நீ அடக்கிற மாதிரி இஞ்சை ஒருத்தரும் அடக்கிறேல்லை" எண்டு போன சனிக்கிழமை சொன்னவா. பிறகு எனக்குப் பின்னலும் பழகவேணும் போலை கிடந்தது. பாட்டுப் பழகிறன் எண்டது வெறும் சாட்டாத்தான் தொடங்கினது. இப்ப அது சாட்டில்லை. கிழமை முழுக்கத் தர்மபுரத்திலை இருந்து பின்னிப் பாத்தனான். கொஞ்சம் வருது.

டிலக்ஸன்: கொஞ்சம் வருதோ.

ஆன்சலா: ஓம்... சரி. சொல்லிட்டன். நகவெட்டியைத் தாங்கோ.

டிலக்ஸன்: என்னத்துக்கு?

ஆன்சலா: வெட்டிறன். நாளைக்கு வேலைக்குப் போறன். காதை மறைச்சுக் கலியாணம் கட்டின பிழைக்கு இதையாவது செய்யிறன். நகம் திரும்ப முளைக்கும்.

டிலக்ஸன்: வை அதை.

ஆன்சலா: நாளைக்குப் பஸ் வரும்.

டிலக்ஸன்: வந்திட்டுப் போகட்டும்.

ஆன்சலா: கிருசாந்தனுக்கு வாக்குக் குடுத்தனீங்கள்.

டிலக்ஸன்: அவனுக்கு நான் சொல்லுறன். வேலை வேறை எங்கையும் பாக்கலாம்.

ஆன்சலா: கோவமில்லையோ உங்களுக்கு?

டிலக்ஸன்: உன்ரை கம்பியைத் தட்டு.

ஆன்சலா: இப்ப என்னத்துக்கு?

டிலக்ஸன்: தட்டன். நான் கேக்கோணும்.

ஆன்சலா: ...இதுதான். கேக்குதோ?

டிலக்ஸன்: ம். இப்ப அடக்கு.

ஆன்சலா: ...

டிலக்ஸன்: ...

ஆன்சலா: நிண்டது. இப்ப திரும்ப வந்திட்டுது. ஏன் கண்ணை மூடிக்கொண்டு நிக்கிறியள்?

டிலக்ஸன்: அடுத்த கம்பியைத் தட்டு.

ஆன்சலா: எது, பெருசோ?

டிலக்ஸன்: இல்லை, மற்றப் பக்கம். சின்னன். ...அதில்லை. இன்னும் ஒண்டு தள்ளி.

ஆன்சலா: இதோ?

டிலக்ஸன்: ஓம், அதுதான். நல்லாத் தட்டு... விடு, நீளட்டும்... இப்ப அடக்கு.

ஆன்சலா: ...அடக்கிட்டன். ஆனா இது இல்லையே. நான் சொன்ன கம்பி அங்காலை எல்லே.

டிலக்ஸன்: தெரியும். அது உன்ரை காதுக்கு... இது என்ரை காதுக்கு.